சாரல் கால விளம்பரக் காசு எந்தத் தளத்துக்குப் போகிறது?

குற்றாலத்தில் ஜூனில் சாரல் தொடங்குமுன்பே, தென்காசி, செங்கோட்டை லாட்ஜ்காரர்கள் பலர் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், புனலூர், கொல்லம் ஆட்களுக்காக மலையாளத்தில் கூகுள் விளம்பரம் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு 300 ரூபாய் போட்டு, கிளிக் நிறைய விழுந்தும் அறை கேட்டு ஒரு போன்கூட வரவில்லையென்றால், விளம்பர வாசகத்தை மாற்றுவதற்கு முன்னால் அது எந்தெந்தத் தளங்களில் தோன்றியது என்று பாருங்கள்.

விளம்பரக் காசுக்காகவே கட்டப்படும் தளங்கள் உண்டு. வேறு இடத்தில் மலிவான விளம்பரம் போட்டுத் தங்கள் பக்கத்துக்கு ஆட்களை இழுத்து, அதாவது ஆட்களை விலைக்கு வாங்கி, அவர்களுக்குப் பத்தி பத்தியாக விளம்பரம் காட்டி, கொடுத்த விலையைவிட அதிகம் சம்பாதிப்பதுதான் அவற்றின் தொழில். அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏஎன்ஏ 2023இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கெடுத்த விளம்பரத் தோற்றங்களில் 21 சதவீதமும் செலவில் 15 சதவீதமும் இத்தகைய தளங்களுக்குப் போயிருந்தன.

கூகுள் போல விளம்பரங்களைத் தளங்களுக்குப் பிரித்துத் தரும் நெட்வொர்க்குகள் சும்மா இருப்பதில்லை. தளத்தைச் சேர்க்கும்போது ஒருமுறை பரிசோதிக்கின்றன. எழுத்தைவிட விளம்பரம் அதிகமுள்ள பக்கத்துக்கு விளம்பரம் தருவதைக் கூகுளின் விதி தடுக்கிறது. போலிக் கிளிக் என்று கண்டால் தளக்காரரின் வருமானத்தில் பிடித்துக்கொண்டு, விளம்பரம் கொடுத்தவர் கணக்கில் வரவு வைக்கிறார்கள். தளக்காரர் தன் தளத்தில் வைக்கும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற கோப்பு 2017இல் வந்தது; அந்தத் தளத்தின் விளம்பர இடத்தை விற்க யாருக்கு உரிமை என்று அது சொல்கிறது. ஆனால் அது ஆள்மாறாட்டத்தைத்தான் தடுக்கும். தளத்தின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஓட்டை எங்கே என்றால், ஆட்களை விலைக்கு வாங்குவது குற்றமில்லை, வருகிறவர்களும் நிஜ மனிதர்கள். போலிக் கிளிக் வடிகட்டியில் அவர்கள் சிக்க மாட்டார்கள். பல தளங்கள் நேராகத் திறப்பவருக்குச் சுத்தமான பக்கத்தையும், கட்டண இணைப்பு வழியே வருபவருக்கு விளம்பரம் அடைத்த பக்கத்தையும் காட்டும். நீங்கள் முகவரியை அடித்துப் பார்த்து 'நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடுவது இதனால்தான். திரையோடு ஒட்டிக்கொண்டு சில நொடிக்கொருமுறை மாறும் விளம்பரத்தில் கை தவறிப் படும் கிளிக்கும் கிளிக்தான். கிளிக் விகிதத்தை மட்டும் நம்பினால் மோசமான தளமே முதலிடத்தில் நிற்கும்.

எனவே கூகுள் ஆட்ஸ் கணக்கில் உங்கள் கேம்பெயினுக்குள் (நீங்கள் ஓட்டும் விளம்பரத் தொகுப்பு) 'இன்சைட்ஸ் அண்ட் ரிப்போர்ட்ஸ்' போய், 'வேர் ஆட்ஸ் ஷோட்' பட்டியலைச் செலவு வாரியாக அடுக்குங்கள். மேலே உள்ள 20 தளங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்; நேராகத் திறக்கும்போது சுத்தமாகத் தெரிவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கட்டுரையை 15, 20 பக்கமாக நறுக்கி 'அடுத்து' அழுத்த வைப்பது, பத்திக்கொரு விளம்பரம், எழுதியவர் பெயரோ தொடர்பு முகவரியோ இல்லாமை, எல்லாத் தலைப்பிலும் ஒரே வார்ப்பு எழுத்து: இவற்றில் இரண்டு இருந்தாலே விலக்கிவிடலாம். கிளிக் இருந்தும் அழைப்பே தராத தளத்துக்கு இரக்கம் வேண்டாம்.

விலக்கும்போது ஒரு கேம்பெயினில் மட்டும் விலக்கினால் அடுத்த கேம்பெயினில் அதே தளம் திரும்ப வரும். 'டூல்ஸ்' பகுதியின் 'கன்டென்ட் சூட்டபிலிட்டி'யில் சேர்த்தால் கணக்கு முழுதுக்கும் பொருந்தும். குழந்தைகள் விளையாட்டு ஆப்களையும் அதோடு சேருங்கள்; அவற்றில் விரல் படுவது சின்னப் பிள்ளைகளுடையது.

கூகுள் தேடலில் காட்டுவதற்கான தேடல் கேம்பெயின் தொடங்கும்போது, மற்றத் தளங்களிலும் விளம்பரம் காட்டும் 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' பெட்டியில் டிக் தானாகவே விழுந்திருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இடத் தேர்விலும், அந்த ஊரில் இல்லாமல் அதில் ஆர்வம் காட்டும் 'ஆர்வமுள்ளவர்கள்' சேர்ந்தே வருவார்கள். கொல்லத்தில் இருப்பவர்கள் மட்டும் போதுமென்றால் 'பிரசன்ஸ்' என்று மாற்ற வேண்டும்.

மூடப்பட்ட தளத்தின் சொந்தக்காரர் புதுப் பெயரில் வேறு முகவரி வாங்கி வந்துவிடுவார் என்பதால் பட்டியலை ஒருமுறை பார்த்து விட்டுவிட முடியாது. சாரல் காலம் முழுக்க வாரம் ஒருநாள் பாருங்கள். நிஜமாகவே போலி என்று தோன்றும் கிளிக்குகளுக்குக் கூகுளின் கிளிக் தரப் படிவத்தில் புகார் தரலாம். 60 நாளுக்குள் உள்ளதைத்தான் ஆராய்வார்கள், ஆகவே ஜூன் மாதக் கணக்கை ஓணத்துக்கு அப்புறம் எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை.