பாதை வரும் வரை: உடனே வேண்டும் என்னும் உந்தலைக் கையாளும் முறை

2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து இலங்கையின் மட்டக்களப்பு வாவியைக் கடந்து ஆரையம்பதிப் பக்கம் வருவதற்கு, பாதை என்று நாங்கள் அழைக்கும் படகுக்காகத் துறையில் நின்றே ஆக வேண்டியிருந்தது. அக்கரையில் நிற்கும் பாதை இக்கரைக்கு வந்து, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மூட்டைகளும் ஏறி, ஆட்கள் சேர்ந்து புறப்படுவதற்குள், கடையில் வாங்க வேண்டுமென்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தவற்றில் ஒன்றிரண்டு மனத்திலிருந்து தாமாகவே உதிர்ந்துவிடும். நோயாளியை வைத்துக்கொண்டு அதே துறையில் நின்றவர்கள் அந்தக் காத்திருப்பை ஒருநாளும் புகழமாட்டார்கள். பாலம் வேண்டாமென்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஆசைக்கும் பொருளுக்கும் நடுவே கேட்காமலேயே கிடைத்த அந்தத் தூரத்தைக் கைப்பேசி இன்று முற்றாக இல்லாமற் செய்துவிட்டது. அதை நாமே மீண்டும் எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதுதான் இங்கே பேசப்படுகிறது. மன உறுதியை நம்பி இதில் இறங்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு என்னுடைய மன உறுதி எந்த நிலையில் இருக்கும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேவையையும் உந்தலையும் பிரித்தல்

அறுவடை இயந்திரம் வயலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே ஈர நெல்லை வயற்கரையில் வைத்து விற்றுவிடும் விவசாயியைப் பார்த்து, இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நல்ல விலை கிடைத்திருக்குமே என்று சொல்வது எளிது. உரத்துக்கு வாங்கிய கடனும், இயந்திரக் கூலியும், பிள்ளையின் படிப்புச் செலவும் அதே கிழமையில் வாசலில் வந்து நிற்கின்றன; நெல்லைக் காயவைக்கக் களமும் இல்லை, அடுக்கி வைக்க இடமும் இல்லை. அவருக்குக் குறைவது பொறுமை அன்று. ஆகவே எதையும் கட்டுப்படுத்தத் தொடங்குமுன், இதை இன்று செய்யாவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வந்தால் அது தேவை. அதற்காக உங்களை நொந்துகொள்ளாமல் செய்துவிடுங்கள். பதில் வராமல், 'ஆனாலும் வேண்டும்' என்ற எண்ணம் மட்டும் எஞ்சினால், கீழே சொல்லப்படுபவை பயன்படும்.

கண்ணில் படாமல் வைத்தல்

வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் மூளையில் டோபமீன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்களைக் கவனித்தார். தொடக்கத்தில் சாறு கிடைத்த கணத்தில் துடித்த அந்த உயிரணுக்கள், சாறு வரப்போவதை ஒரு விளக்கு அறிவிக்கிறது என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கு எரிந்த கணத்திலேயே துடிக்கத் தொடங்கின. எதிர்பார்த்த சாற்றின்போது பேசாமல் இருந்துவிட்டன. கைப்பேசி 'டிங்' என்றதும் நமக்கு வரும் பரபரப்பும், திறந்து பார்த்தபின் அதில் ஒன்றும் இல்லாதபோது வரும் சலிப்பும் இந்த ஏற்பாட்டையே நினைவூட்டுகின்றன. ஆகவே பொருளோடு மல்லுக்கட்டுவதை விட அதன் அறிகுறியை அகற்றுவது இலகுவானது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வோல்ட்டர் மிஷெலும் அவருடைய சகாக்களும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும்: இப்போதே சிறியதை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பொறுத்திருந்து விருப்பமானதைப் பெறலாம். அதில் பெரிதாகப் பேசப்படாத ஒரு விபரம் உண்டு. 1970இல் வெளியான முடிவுகளின்படி, இரண்டு தின்பண்டங்களும் கண்முன்னே இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடம் அளவே காத்திருந்தார்கள். இரண்டையும் மறைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். மாறியது பண்டம் இருந்த இடம் மட்டுந்தான்.

இதை வீட்டில் இப்படிச் செய்யலாம். அழைப்பு ஒலியைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றுங்கள். எழுப்புவதற்கு ஒரு மணிக்கூடு வாங்குங்கள், அதன் விலை மிகச் சொற்பம். இணையக் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் அட்டை இலக்கத்தை அழித்துவிடுங்கள். அலுமாரியிலிருந்து அட்டையை எடுத்து இலக்கங்களை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டிய நிலையே சிறியதொரு வாவிதான். முடிவில்லாமல் கீழே ஓடும் திரையை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின். பின்னாளில் அதைக் குறித்து அவரே வருந்தியிருக்கிறார். பக்கம் முடிகிறது என்ற அடையாளத்தை அது எடுத்துவிட்டதால், முடிவை வெளியிலிருந்து நாம்தான் கொண்டுவர வேண்டும். வரம்பற்ற டேட்டா பொதியை விட்டு அளவான பொதிக்கு மாறியது என் வீட்டில் எந்த அறிவுரையையும் விட நன்றாக வேலை செய்தது.

அலையைப் பார்த்திருத்தல்

எல்லா அறிகுறிகளையும் அகற்ற முடியாது. மாலை நான்கரை மணிக்கு வேலை விட்டு வரும் வழியில், தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடான றோல்ஸ் இருக்கத்தான் செய்யும். இத்தகைய வேளைக்கு, மதுவுக்கும் புகைத்தலுக்கும் அடிமையானவர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் ஒரு முறையைச் சொன்னார்: உந்தலை அடக்கவும் வேண்டாம், அதற்கு இணங்கவும் வேண்டாம், அலையின் மேல் சறுக்குபவரைப் போல அது எழுந்து, உச்சிக்கு வந்து, தணியும் வரை அதன் மேலேயே இருங்கள். அறுகம்பையில் அலைச்சறுக்குவோரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

செய்முறை வருமாறு. நின்ற இடத்தில் மணிக்கூட்டைப் பாருங்கள். உந்தல் உடலில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எனக்கு அது நாக்கின் அடியிலும் வலது கைப் பெருவிரலிலும் இருக்கிறது, பெருவிரல் கைப்பேசிக்கு உரியது. ஒவ்வொரு மூச்சிலும் அது கூடுகிறதா குறைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். கடந்த மாதம் ஓர் இரவு, 9.40க்குக் குறைந்த விலையில் ஒரு காதொலிக் கருவியைக் கண்டு, வாங்கும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, மேசை மணிக்கூட்டைப் பார்த்தேன். 9.44க்கு நெஞ்சு படபடத்தது. 9.49க்கு அடுப்படியில் பல்லி சத்தமிடுவது கேட்டது. அதுவரை எனக்கு வேறெதுவும் கேட்டிருக்கவில்லை. 9.53க்குக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எல்லா இரவும் இப்படி முடிவதில்லை. பாதி இரவுகளில் முடிகிறது.

பூரணைக் கொப்பி

வாங்கும் ஆசைக்கு நான் கடைப்பிடிக்கும் விதி, அடுத்த பூரணை வரை பொறுப்பது. மாதந்தோறும் பூரணை விடுமுறை வருவதை நாட்காட்டியே நினைவூட்டும். யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உணவு, மருந்து, பாடசாலைத் தேவை தவிர்ந்த எதையும் வாங்க நினைத்தால், பொருளின் பெயர், விலை, நினைத்த திகதி ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பூரணைக்கு ஒரு கிழமைக்குள் எழுதியது அதற்கடுத்த பூரணைக்குத் தள்ளிப் போகும். அன்று காலை கொப்பியைத் திறந்து, அப்போதும் வேண்டுமென்று தோன்றுவதை வாங்குங்கள், தயங்காமல் வாங்குங்கள். ஆசையை மறுக்கும் விதியாக இதை மாற்றினால் கொப்பி இரண்டு மாதத்தில் காணாமற் போய்விடும்.

தவணை முறைக்குத் தனிக் கவனம் தேவை. 60,000 ரூபாய்க் கைப்பேசியை மாதம் 6,500 ரூபாய் வீதம் 12 மாதம் என்று கடைக்காரர் சொல்லும்போது, மனம் 6,500ஐ மட்டுமே கேட்கிறது. பெருக்கினால் 78,000 வருகிறது, அதாவது ஒரு வருடம் முந்தியதற்கான கூலி 18,000 ரூபாய். நான் ஒருமுறை அப்படி வாங்கிய கைப்பேசியின் திரை ஐந்தாம் மாதம் உடைந்தது. மீதி ஏழு தவணையும் உடையாத நிலையில் இருந்தது. அதைக் கட்டுவதற்கு மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது, அதை மீட்க இன்னொரு வருடம் சென்றது.

அவசரத்தின் விலையை வெளிப்படையாகக் காட்டும் பள்ளிக்கூடம் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் கழிவு கூறும் சீட்டு. பத்துப் பேர் மாதம் 10,000 வீதம் போட்டால் ஓர் இலட்சம் சேருகிறது. முதல் மாதமே எடுக்க விரும்புகிறவர் 15,000 ரூபாய் கழிவு கூறினால், அவர் கையில் 85,000 வருகிறது. அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பங்காகிறது. முந்துபவர் கொடுப்பதைப் பொறுப்பவர் பெறுகிறார் என்பதை நம் தாய்மார் எந்தப் பொருளியல் நூலும் இல்லாமல் அறிந்திருக்கிறார்கள். (சீட்டுப் பிடிப்பவர் நம்பத்தகுந்தவராக இருக்க வேண்டும், ஆள் தலைமறைவானால் கடைசிவரை பொறுத்திருந்தவருக்கே பெரும் இழப்பு.)

சேமிப்பில் இன்னொரு தந்திரம் உண்டு. கையில் இருக்கும் பணத்திலிருந்து ஒதுக்குவது வலிக்கும். இன்னும் வராத பணத்திலிருந்து ஒதுக்குவது அவ்வளவு வலிக்காது. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்காலச் சம்பள உயர்விலிருந்து ஒரு பங்கு தானாகவே சேமிப்புக்குப் போகுமாறு முன்கூட்டி ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு, 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 வீதத்திலிருந்து 13.6 வீதமாக உயர்ந்தது. அரச உத்தியோகத்தர்கள் அடுத்த சம்பள ஏற்றத்துக்கு முன்பே வங்கியில் நிலையான கட்டளை கொடுத்து வைக்கலாம். விவசாயிகள் நெல் பச்சையாக நிற்கும்போதே, இத்தனை மூட்டையின் காசு பாஸ் புத்தகத்துக்கு என்று வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைக்கலாம்.

எல்லையும் துணையும்

காத்தான்குடியிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. சாதாரண நாளில் மூன்று மணித் தேநீர் தாமதித்தால் தலைவலி என்று சொல்லும் ஒருவர், நோன்பு மாதத்தில் தண்ணீர்கூட அருந்தாமல் மாலை வரை கடையைக் கவனித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் திடீரென மன உறுதி முளைத்துவிடவில்லை. நம்பிக்கைதான் அடிப்படை என்பதில் ஐயமில்லை. அதனோடு, தொடக்கம் தெரியும், பாங்கு ஒலிக்கும் முடிவு நிமிடக் கணக்கில் தெரியும், ஊரே உடன் இருக்கிறது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கும் என் தாயாருக்கும் அப்படியே. 'இனிமேல் குறைத்துக்கொள்வேன்' என்ற தீர்மானத்தில் இந்த மூன்றும் இல்லை. ஆகவே தீர்மானத்தைத் திருத்தி எழுதுங்கள்: 'இரவுச் சாப்பாட்டிலிருந்து காலை ஆறு மணி வரை, இந்த வீட்டில் ஒருவரும் கைப்பேசியைத் தொடுவதில்லை.' உளவியலாளர் பீட்டர் கொல்விட்சர் 1999இல் விளக்கிய முறையும் இதனோடு சேரும். இன்ன வேளை வந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே சொற்களில் கட்டிவிடுவது. 'ரியூசனிலிருந்து வந்ததும் கைப்பேசியை அலுமாரி மேல்தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன்' என்று சொல்லும் பிள்ளை, 'இன்று நன்றாகப் படிப்பேன்' என்று சொல்லும் பிள்ளையை விடக் கொப்பியை விரைவில் திறக்கும்.

காத்திருந்தவனுக்குக் கிடைக்க வேண்டும்

மிஷெலின் சோதனையை வைத்து, பொறுத்த பிள்ளை வாழ்வில் வெல்லும், பொறுக்காத பிள்ளை தோற்கும் என்று மேடைகளில் பேசுவார்கள். 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு இதை மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் தேய்ந்துபோனது. அதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது 2013இல் செலஸ்ட் கிட் என்பவரும் சகாக்களும் வெளியிட்ட சிறிய சோதனை. 28 பிள்ளைகளில் பாதிப் பேரிடம், நல்ல வர்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மறுபாதிக்குச் சொன்னபடி கொடுத்தார்கள். பிறகு இனிப்பைக் காட்டிக் காத்திருக்கச் சொன்னபோது, ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடமும், மற்றவர்கள் பன்னிரண்டு நிமிடமும் காத்திருந்தார்கள்.

1978 நவம்பர்ச் சூறாவளியில் தென்னந்தோப்பையும், யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது மாட்டையும் நெல்லையும், 2004 டிசம்பர் 26 காலையில் வீட்டையும் இழந்த கரையோர மக்களிடம், நாளைக்கு வையுங்கள் என்று சொல்லுமுன் நாம் சற்று யோசிக்க வேண்டும். இருப்பதை இன்றே அனுபவி என்பது அவர்கள் பட்டறிந்த கணக்கு. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்ற அனுபவம் சிறுகச் சிறுகக் கிடைத்த பிறகே பொறுமை ஊறும். உங்களுக்கு நீங்களே கொடுக்கும் வாக்குகளுக்கும் இதே நியதிதான். பெரிய சபதம் வேண்டாம். ஒரு கிழமைக்கு 200 ரூபாய் என்று தொடங்கி, கிழமை முடிவில் அந்த உண்டியலைத் திறந்து, சொன்ன பொருளைச் சொன்னபடி வாங்கி உங்கள் கையில் கொடுங்கள்.

பிள்ளைகளிடம் இதில் தவறவே கூடாது. கிழமை நாள்களில் கைப்பேசி விளையாட்டை விட்டால் சனிக்கிழமை கல்லடிக் கடற்கரை என்று என் மகளிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை, மாரி மழை காலையிலிருந்து விடாமல் பெய்தது. அடுத்த கிழமை போகலாமா என்று கேட்க வாய் எடுத்தபோது, அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பதைக் கண்டேன். இருவரும் மழைக்கோட்டோடு போய், மூடியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் நின்று, வழியில் வாங்கிய கச்சான் நமுத்துப்போகுமுன் தின்றுகொண்டு, கலங்கிய கடலை அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.