ஈ.ஈ.பி.டி.: வெளியே வருவதற்கு மட்டும்

கப்பலின் எஞ்சின் ரூமில் வாட்ச் எனும் முறைப்பணி பார்க்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்த ஆரஞ்சுப் பெட்டியைக் கடந்து போவார். கன்ட்ரோல் ரூமில் ஒன்று, ஒர்க்‌ஷாப்பில் ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் தப்பிக்கும் ஏணிக்குப் பக்கத்தில் ஒன்று. பெயர் எமர்ஜென்சி எஸ்கேப் பிரீதிங் டிவைஸ், புகையிலிருந்தோ வாயுவிலிருந்தோ தப்பி வெளியேறும் சில நிமிடங்களுக்கு மூச்சுக் காற்று தரும் கருவி. கப்பலில் எல்லோருக்கும் அது ஈ.ஈ.பி.டி. 2002 ஜூலை 1 முதல் சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதிப்படி கப்பல்களில் இது கட்டாயம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், இதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. அந்தக் குழப்பம் ஆளைக் கொல்லும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இதைப் போட்டுக்கொண்டு உள்ளே போகாதீர்கள்

சமநிலைக்குத் தண்ணீர் நிரப்பும் பாலஸ்ட் டேங்கிலோ சரக்கு ஹோல்டிலோ ஒருவர் மயங்கி விழுகிறார். மேலே நிற்பவருக்குப் பதற்றம். தீயணைப்பவர் முதுகில் மாட்டும் சுவாசக் கருவியான பி.ஏ. செட் ஃபயர் லாக்கரில் இருக்கிறது, அதை எடுத்து மாட்டி, மாஸ்க் லீக் பார்த்து இறங்க நேரமாகும். பக்கத்துச் சுவரில் ஈ.ஈ.பி.டி. தொங்குகிறது. "இதுவும் காற்றுதானே, சட்டென்று இறங்கி ஆளைத் தூக்கிவிடலாம்" என்று தோன்றும். தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தக் கருவியில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு, எஃப்.எஸ்.எஸ். கோடு, இதை மழுப்பாமல் சொல்கிறது: தீயணைக்க, ஆக்ஸிஜன் குறைந்த டேங்கிலோ காலி அறையிலோ நுழைய, தீயணைப்பு வீரர் அணிய ஈ.ஈ.பி.டி.யைப் பயன்படுத்தக் கூடாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. தீயணைப்பவரின் பி.ஏ. செட்டில் குறைந்தது 1,200 லிட்டர் காற்றாவது இருக்க வேண்டும், அல்லது 30 நிமிடமாவது அது வேலை செய்ய வேண்டும். காற்று தீரப் போகிறதென்று ஒலியெழுப்பும் அலாரமும் வேண்டும். ஈ.ஈ.பி.டி.க்குக் கோடு கேட்பது 10 நிமிடம்தான். 2 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் சுமார் 400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் போனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூச்சடங்கிக் கிடக்கும் 80 கிலோ ஆளை ஏணியில் இழுப்பவருக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் எந்த மூலைக்கு?

தலையை முழுதாக மூடும் உறைக்குள் தொடர்ந்து காற்று பாயும் ஹூட் மாடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடினமாக உழைத்தால் மூச்சுக்கு வேண்டிய காற்று, வரும் காற்றைவிட அதிகமாகிவிடும். அப்போது நாம் விட்ட மூச்சையே திரும்ப இழுப்போம். விடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம். ஹூட்டுக்குள் அது சேரச் சேர மூச்சு முட்டும், தலை கனக்கும், கண்ணாடிப் பகுதி பனி படர்ந்துபோகும். அந்த நிலையில் எவருக்கும் வரும் முதல் எண்ணம் ஹூட்டைக் கழற்றி எறிவது. ஆக்ஸிஜன் இல்லாத டேங்கின் அடியில் கழற்றினால் ஓரிரண்டு மூச்சில் நினைவு போய்விடும். மேலே நின்றவர்கள் இப்போது இரண்டு பேரைத் தூக்க வேண்டும்.

சோலாஸ் 2015-லிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடிய இட மீட்பு டிரில் நடத்தச் சொல்வது இந்தப் பதற்றத்தைப் பழக்கத்தால் அடக்கத்தான். அந்த டிரிலில் யாராவது ஈ.ஈ.பி.டி. பக்கம் கை நீட்டினால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள். ரிப்போர்ட்டில் "சாட்டிஸ்ஃபேக்டரி" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பி.ஏ. செட் அணிந்து முறையாக இறங்கும் மீட்பாளர், மயங்கிக் கிடப்பவரின் தலையில் மாட்டுவதற்காக ஹூட் வகைக் கருவி ஒன்றைக் கையில் எடுத்துப் போவதுண்டு. ஹூட்டுக்குள் காற்று தானாகப் பாய்வதால் மூச்சு விடுகிற ஆளுக்கு அது பயன்படும். வாயில் கடித்து, மூக்கில் கிளிப் மாட்டும் வகை மயங்கியவருக்கு உதவாது. உங்கள் கப்பலில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் இதைத் திட்டத்தில் எழுதாதீர்கள்.

மாட்டும்போது நடப்பவை

சாதாரண ஹூட் வகையில் பையின் மேல்மூடியை இழுத்துத் திறந்தாலே அடைப்பு ஊசியான பின் கழன்று காற்று பாயத் தொடங்கிவிடும். "உஸ்" என்று நிற்காத சத்தம், உள்ளே பிளாஸ்டிக் வாடை, கழுத்துப் பகுதி ரப்பர் காதை உரசிக்கொண்டு இறங்கும். முதன்முறை மாட்டுகிறவருக்கு இதெல்லாம் பயமாகத்தான் இருக்கும். காதில் இயர் மஃப், தலையில் ஹெல்மெட்டோடு மாட்டப் பார்த்து ஹூட் பாதியில் சிக்கி நிற்பதைப் பயிற்சியில் அடிக்கடி பார்க்கலாம். இரண்டையும் முதலில் கழற்றிவிட வேண்டும். பாய்லர் சூட் காலர் கழுத்து ரப்பருக்குள் மாட்டிக்கொண்டால் அந்த இடைவெளியில் புகை நுழையும். விரலால் கழுத்தைச் சுற்றித் தடவிக் காலரையும் தலைமுடியையும் வெளியே எடுத்துவிடுங்கள். முகத்தோடு ஒட்டும் மாஸ்க் வகையாக இருந்தால் தாடி பிரச்சினை. வாயில் கடிக்கும் வகையாக இருந்தால் அதோடு வரும் கண்காப்பு காகிளும் உங்கள் மூக்குக் கண்ணாடியும் ஒன்றாக உட்காராது.

இன்னொரு பழக்கம், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, புகை நெருங்கியதும் மாட்டலாம் என்று இருப்பது. புகை கண்ணை எரிக்கத் தொடங்கிய பிறகு விரல் பின்னைத் தேடாது. வழியில் புகையோ வாயுவோ இருக்குமென்று தெரிந்தால், கருவி தொங்கும் இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டிவிட்டு நகருங்கள். தீயை அணைக்க எஞ்சின் ரூமுக்கு சி.ஓ.2 (கரியமில வாயு) விடப் போகும் அலாரம் அடித்தால் இன்னும் அவசரம். வாயு வருவதற்கு முன் அந்த அலாரம் குறைந்தது 20 விநாடி ஒலிக்க வேண்டும் என்பது விதி. வாயு திறந்துவிட்டால் தேவையான அளவில் 85 சதவீதம் இரண்டே நிமிடத்தில் உள்ளே வந்துவிடும். "இந்த ஒரு வால்வை மூடிவிட்டு வருகிறேன்" என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

மாட்டியபின் ஓடாதீர்கள், நடங்கள். ஓடினால் மூச்சு வாங்கும், மேலே சொன்ன கரியமில வாயுச் சிக்கல் வெளியேறும் வழியிலேயே வந்துவிடும். திறந்த டெக்கை அடைந்ததும் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள். காற்று நின்றபின் ஹூட்டுக்குள் இருப்பதும் ஆபத்துதான். ஃபோட்டோவுக்காகப் போட்டுக்கொண்டே நிற்பவர்களைப் பற்றி என்ன சொல்ல.

சூடாக வந்தால் பழுது என்று நினைப்பது

காற்று சிலிண்டர் இல்லாமல், வேதிப்பொருளிலிருந்து ஆக்ஸிஜன் தரும் கருவிகளும் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களில் அவைதான் அதிகம். பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு நம் மூச்சின் ஈரத்தோடு சேர்ந்து ஆக்ஸிஜனை விடும், கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். இந்த வேலையில் வெப்பம் பிறப்பதால் வரும் காற்று சூடாக, வறண்டு, தொண்டையை உறுத்தும். இழுப்பதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும். அப்படி இருந்தால் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். இதை யாரும் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காவிட்டால், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு "இது போச்சு" என்று வாயிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

2006 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சாகோ சுரங்கம் வெடித்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். உள்ளே சிக்கியவர்களில் உயிரோடு மீண்ட ஒரே ஒருவர், தங்கள் கருவிகளில் குறைந்தது நான்கு வேலை செய்யவில்லை என்றார். கருவிகளைப் பிறகு சோதித்த அரசுத் தரப்பு, அவை ஆக்ஸிஜன் தரக்கூடிய நிலையில்தான் இருந்தன என்றது. யார் சொன்னது சரி என்று இங்கிருந்து தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அதற்குப்பின் அங்கே வந்த விதிமாற்றம் கவனிக்கத்தக்கது. மாட்டிப் பழகுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமானது. வருஷத்துக்கு ஒருமுறை, அந்தச் சூட்டையும் இழுக்கும் சிரமத்தையும் வாயில் உணர்ந்து பார்க்கும் தனிப் பயிற்சியும் சேர்ந்தது. நம் கப்பல்களில் "மாட்டிக் காட்டு, கழற்று" என்பதோடு டிரில் முடிந்துவிடுகிறது. பயிற்சி செட்டைப் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்திலிருந்து டெக் வரை ஒருமுறை நடந்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

வாயில் கடிக்கும் வகை போட்டிருக்கும்போது பேசக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததே. "இந்தப் பக்கம் வா" என்று கூப்பிட ஒரு விநாடி வாயிலிருந்து எடுத்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். கை ஜாடையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டி மாஸ்க்கை இதோடு குழப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வடிகட்டி வாயுவைப் பிடிக்கும், ஆக்ஸிஜனைத் தராது. சுற்றியுள்ள காற்றிலேயே ஆக்ஸிஜன் இல்லை என்றால் எவ்வளவு நல்ல ஃபில்டரும் வீண்.

ஊசி பச்சையில் இருந்தால் போதுமா

ஐ.எம்.ஓ.வின் 2012 சுற்றறிக்கை, ஈ.ஈ.பி.டி. சிலிண்டர்களின் அழுத்தம் காட்டும் கேஜை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. பெரும்பாலும் தேர்ட் மேட்டோ ஜூனியர் இன்ஜினீயரோ கையில் லிஸ்ட்டோடு போய் டிக் அடித்துவிட்டு வருவார். டிக் சரி, ஆனால் எந்த வெப்பத்தில் பார்த்தார்? வெயிலில் நிறுத்திய சைக்கிள் டியூப் மாதிரி சிலிண்டரிலும் சூட்டுக்கு அழுத்தம் ஏறும். 15 டிகிரியில் 200 பார் காட்டும் சிலிண்டர் 45 டிகிரி எஞ்சின் ரூமில் சுமார் 220 காட்டும். மாறாக, அந்தச் சூட்டில் ஊசி 200-ல் நின்றால் குளிரில் அது 180 சொச்சம்தான். சூட்டில் பச்சையின் விளிம்பில் நிற்கும் ஊசியை நம்ப வேண்டாம். வளைகுடாவிலிருந்து பால்டிக் பக்கம் போகும்போது ஊசி இறங்கியதைப் பார்த்து லீக் என்று அலறவும் வேண்டாம். பதிவேட்டில் அழுத்தத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதினால் மாதக்கணக்கில் மெல்லக் கசியும் சிலிண்டர் தானாகத் தெரிந்துவிடும்.

கேஜை மட்டும் பார்த்துவிட்டு சீலைப் பார்க்காமல் வருவது அடுத்த குறை. சீல் அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஹூட் எப்படி மடித்து வைக்கப்பட்டதோ அப்படி இல்லாமல் கசங்கியிருந்தால், அவசரத்தில் விரியாது. "உள்ளே எப்படி இருக்கிறது பார்க்கலாம்" என்று சீலை உடைப்பதும் இதே வகைத் தவறுதான், உள்ளே பார்ப்பது சர்வீஸ் செய்கிறவரின் வேலை. பாய்லர் பக்கத்திலோ எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலோ தொங்கினால் ரப்பரும் ஹூட்டும் சீக்கிரம் இறுகும். ஆடிட்டுக்கு முந்தைய நாள் டெக்கை ஒழுங்குபடுத்துகிறேன் என்று பெட்டியை இடம் மாற்றிவிட்டு, ஃபயர் பிளானில் பழைய இடத்தையே விட்டுவைப்பது ரொம்ப சகஜம். அதைவிட சகஜம், பெட்டிக்கு முன்னால் பெயின்ட் டிரம் நிற்பது.

காற்று நிரப்புவதில் விளையாட்டு வேண்டாம். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் ஏர், கருவிகளை ஓட்டும் சர்வீஸ் ஏர் எதுவும் சுவாசக் காற்று ஆகாது. ஐரோப்பியத் தரநிலை இ.என். 12021 சுவாசக் காற்றில் கார்பன் மோனாக்சைடுக்கு 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) வரைதான் இடம் தருகிறது, எண்ணெய்க்குக் கன மீட்டருக்கு அரை மில்லிகிராம். கப்பலில் பி.ஏ. கம்ப்ரெஸர் இருந்தாலும், ஈ.ஈ.பி.டி.யைக் கப்பலிலேயே நிரப்பலாமா என்பதைத் தயாரிப்பாளர் புத்தகத்தில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஆக்ஸிஜன் உள்ள கருவியின் வால்வில் கிரீஸ் போடவே கூடாது, தீப்பிடிக்கும்.

பயன்படுத்தியதை, ஒரு நிமிடமே ஓடியிருந்தாலும், மடித்து மறுபடி மாட்டி வைக்காதீர்கள். ஸ்பேரை அங்கே மாட்டுங்கள், பயன்படுத்தியதை சர்வீஸுக்கு ஒதுக்குங்கள். வேதிப்பொருள் வகை ஒருமுறைதான், முடிந்தபின் குப்பைத் தொட்டியில் போட்டால் உள்ளே மிச்சமிருப்பது தண்ணீரிலோ எண்ணெய்க் கந்தலிலோ பட்டுத் தீப்பற்றலாம். அதைக் கரையில் உரிய முறையில் ஒப்படைக்க வேண்டும். காலாவதியான சிலிண்டர் செட்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வதானால் "டிரெய்னிங்" என்று நாலு பக்கமும் தெரியும்படி எழுதி, நிஜக் கருவிகள் தொங்கும் எந்தச் சுவரிலும் மாட்டாமல் தனி லாக்கரில் பூட்டி வையுங்கள்.