ஸ்மார்ட் பல்ப்: மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும் நாம் செய்யும் தவறுகள்

ஸ்மார்ட் பல்ப் வந்த வீட்டில் முதல் வாரம் பெரும்பாலும் ஒரே கதைதான். மாட்டியாயிற்று, ஆப்பில் சேர்த்தாயிற்று, வாயால் சொன்னால் எரிகிறது, அணைகிறது. மூன்றாம் நாள் ஆப்பைத் திறந்தால் பல்பின் பெயர் சாம்பல் நிறத்தில் மங்கி, கீழே 'ஆஃப்லைன்' என்று இருக்கும். ரூட்டரை அணைத்துப் போடுகிறோம், பல்பைக் கழற்றி மாட்டுகிறோம். கடைசியில் பார்த்தால், இரவு படுக்கப் போகும்போது அம்மா வழக்கம்போலச் சுவரில் சுவிட்சை அணைத்திருப்பார்.

அம்மா மேல் எந்தத் தவறும் இல்லை. விளக்கை அணைக்கிற இடம் சுவர்தான் என்று நம் கைக்கே பழகிப்போயிருக்கிறது. மாறியது பல்ப். சாதாரண பல்ப் அணைந்துவிட்டால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஸ்மார்ட் பல்பின் கழுத்துப் பகுதிக்குள் ஒரு குட்டி சர்க்யூட்டும் ரேடியோவும் இருக்கின்றன. வெளிச்சம் இல்லாத நேரத்திலும் அவை விழித்திருந்து, கட்டளை ஏதும் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்தால் அந்தக் காதும் சேர்ந்து அடைபட்டுவிடும். அப்புறம் ஆப்பில் எத்தனை முறை தட்டினாலும் பல்புக்குத் தெரியாது.

இதற்குப் பலரும் செய்கிற வைத்தியம், சுவிட்ச் மேல் டேப் ஒட்டுவது. என்னைக் கேட்டால் இதுதான் முதல் பெரிய தவறு. இருட்டில் எழுந்து வரும் குழந்தையிடம் போன் இருக்காது. விருந்தாளிக்கு உங்கள் ஆப் தெரியாது. வயதானவர்கள் ஸ்பீக்கரைக் கூப்பிட்டுப் பேசக் கூச்சப்படலாம். கையால் விளக்குப் போட வழியில்லாத அறையில் யாராவது தடுக்கி விழுந்தால் அதற்கு எந்த ஆப்பும் ஈடாகாது. பல்போடு இணைகிற, பேட்டரியில் ஓடும் சின்ன ரிமோட் பட்டன்கள் கிடைக்கின்றன. பழைய சுவிட்ச் பக்கத்திலேயே, கை தானாகப் போகும் உயரத்தில் அதை ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிடும்.

பல்பே வேண்டாம், சுவிட்சை ஸ்மார்ட்டாக மாற்றினால் போதும் என்ற இடங்களும் உண்டு. ஹாலில் ஒரே சுவிட்சில் நான்கைந்து விளக்குகள் எரிகின்றன, நிறம் மாற்றும் தேவை எதுவும் இல்லை என்றால், சாதாரண எல்இடி பல்புகளையே வைத்துக்கொண்டு ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் போடுவதுதான் நிம்மதி. கையாலும் போடலாம், குரலாலும் போடலாம். இரண்டையும் ஒரே லைனில் சேர்ப்பதுதான் கூடாது. சுவிட்ச் அணையும்போது பல்பின் மின்சாரத்தை வெட்டிவிடும், ஆப்பில் சுவிட்ச் அணைந்ததாகவும் பல்ப் காணாமல் போனதாகவும் காட்டும்.

சுவிட்சோடு இன்னொரு சிக்கலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல பல்புகளில் ரீசெட் செய்யத் தனியாகப் பட்டன் கிடையாது. சுவிட்சை வேகமாக மூன்று முதல் ஐந்து முறை போட்டு அணைத்தால், பல்ப் தன் பழைய இணைப்பை மறந்துவிட்டுக் கண்சிமிட்ட ஆரம்பிக்கும். எத்தனை முறை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குழந்தை சுவிட்சோடு விளையாடினாலோ, மின்சாரம் விட்டுவிட்டு வந்தாலோகூட இது நடந்துவிடலாம். பல்ப் விடாமல் சிமிட்டினால் பழுதாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மறுபடி இணைத்துக்கொள்ளத் தயார் என்றுதான் அது சொல்கிறது.

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறை பல்ப் முழு வெளிச்சத்தில் பளிச்சென்று எரிந்து, தூங்குகிற எல்லோரையும் எழுப்பிவிடும். சுவரில் சுவிட்ச் போட்டே இருப்பதால், மின்சாரம் வந்ததும் எரிய வேண்டும் என்பதுதான் பல பல்புகளில் கம்பெனி வைத்து அனுப்பும் ஏற்பாடு. ஆப்பில் பல்பின் செட்டிங்ஸுக்குள் 'பவர் ஆன்' என்று தொடங்கும் ஒரு பகுதி பெரும்பாலும் இருக்கும். படுக்கையறைக்கு மட்டும் 'கடைசியாக இருந்த நிலை' என்று மாற்றுங்கள். மற்ற அறைகளில் எரிகிற ஏற்பாட்டையே விட்டுவிடுங்கள். சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டாலே விளக்கு வரும் என்பது, ஆப் தெரியாதவர்களுக்கு நல்ல வசதி.

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அடுத்ததைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆப்பில் அணைத்துவிட்டு, விளக்குதான் எரியவில்லையே என்று பல்பைக் கழற்றப் போகாதீர்கள். ஆப் அணைப்பது வெளிச்சத்தை மட்டும்தான். ஹோல்டரில் மின்சாரம் அப்படியே இருக்கும். கழற்றுவதற்கு முன் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். ஹோல்டரையோ ஒயரையோ தொடுகிற வேலை என்றால் மெயினையே அணைத்துவிடுங்கள்.

வைஃபை

பல்ப் ஆப்பில் சேரவே மாட்டேன் என்கிறது என்றால், முதலில் அலைவரிசையைப் பாருங்கள். வைஃபை பல்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், சில ஆப்களால் இரண்டையும் சேர்த்துவைக்க முடிவதில்லை. ரூட்டர் செட்டிங்ஸில் 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு பல்பைச் சேர்த்துவிட்டால், பிறகு அதைப் போட்டுக்கொள்ளலாம். ரூட்டர், வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-இல் மட்டும் இருந்தாலும் பழைய பல்புகள் சேராது. பழைய முறையையும் சேர்த்து ஏற்கும் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறைக்கு மாற்றினால் வேலை முடிந்தது. போனில் விபிஎன் ஓடினால் அதையும் அந்த நேரத்துக்கு அணைத்துவைக்க வேண்டும்.

புது ரூட்டர் வாங்கும்போது பலரும் புதுப் பெயர், புது பாஸ்வேர்ட் என்று வைத்துவிட்டு, அப்புறம் ஏணி போட்டு ஒவ்வொரு பல்பாக மறுபடி இணைத்துக்கொண்டிருப்பார்கள். பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் புது ரூட்டரிலும் வைத்தால், பாதுகாப்பு முறையும் முன்பு போலவே இருந்தால், பல்புகள் பெரும்பாலும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பத்துப் பதினைந்து பல்புகளுக்கு மேல் போகப்போகிறோம் என்று முதலிலேயே தெரிந்தால், வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற தனி ரேடியோ முறையில், ஹப் என்ற நடுவண் பெட்டியோடு பேசும் வகையை யோசிக்கலாம். ஒவ்வொரு பல்பும் ரூட்டரில் தனித்தனியாக இடம்பிடிக்காது. ஒரு பல்ப் அடுத்த பல்புக்குச் செய்தியைக் கைமாற்றிவிடும். அதனால்தான் நடைபாதை பல்பின் சுவிட்சை அணைத்தால், கடைசி அறை பல்பும் சில நேரம் பேசாமல் போய்விடுகிறது. நடுவில் நின்று செய்தியைக் கைமாற்றியது நடைபாதை பல்பாக இருக்கலாம்.

பெயர்

குரலில் இயக்குபவர்கள் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். ஆப் தானாகப் போடும் 'லைட் 1', 'லைட் 2' என்பதை அப்படியே விட்டுவிடுகிறோம். ஒரு மாதம் கழித்து எது எந்த மூலையில் இருக்கிறது என்று நமக்கே நினைவிருக்காது. இன்னொரு பக்கம், அறையின் பெயர் 'கிச்சன்', அதிலிருக்கும் பல்பின் பெயர் 'கிச்சன் லைட்', குழுவின் பெயர் 'கிச்சன் லைட்ஸ்' என்று வைத்துவிடுவார்கள். ஒன்றை அணைக்கச் சொன்னால் எல்லாம் அணைகிறது, அல்லது எதைச் சொல்கிறீர்கள் என்று ஸ்பீக்கர் திருப்பிக் கேட்கிறது. அறையை அறையின் பெயரிலேயே விட்டுவிட்டு, பல்புக்கு அது இருக்கிற இடத்தின் பெயரை வையுங்கள்: சிங்க், டேபிள், ஷெல்ஃப். ஸ்பீக்கரின் குரல் உதவியாளர் ஆங்கிலத்தில் கேட்கும்படி இருக்கும்போது தமிழ்ப் பெயர் வைத்தால் பெரும்பாலும் தவறாகவே காதில் வாங்கும். உங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் இயல்பாக வருகிற, ஒன்றோடொன்று ஒலியில் ஒட்டாத பெயர்களாகப் பார்த்து வையுங்கள்.

மாட்டுகிற இடம்

பழைய டிம்மர் ரெகுலேட்டர் உள்ள லைனில் ஸ்மார்ட் பல்ப் போடக் கூடாது. டிம்மர் மின்சாரத்தின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும். பல்புக்குள் இருக்கும் சர்க்யூட் முழு அலையை எதிர்பார்க்கும். ரீங்காரம், மினுக்கல், கடைசியில் சீக்கிரமே பழுது. வெளிச்சத்தைக் குறைக்கும் வேலையை ஆப்பே செய்யும், டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

சுற்றிலும் மூடிய கண்ணாடிக் கூண்டும் ஆகாது. எல்இடியில் சூடு குறைவு என்பது உண்மைதான், ஆனால் இருக்கிற சூடு கழுத்துப் பகுதியில், அந்தச் சர்க்யூட் பக்கத்திலேயே சேரும். காற்று போகாத இடத்தில் அது வெந்துபோகும். மூடிய விளக்குகளுக்கு ஏற்றது என்று அட்டைப்பெட்டியில் இருந்தால் மட்டும் போடுங்கள். உலோகக் கூண்டு என்றால் சிக்னலும் தடைபடும்.

வாங்கும்போது மின்செலவைச் சொல்லும் வாட்டை மட்டும் பார்க்காமல், வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமெனைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் வேண்டுமென்றால் சுமார் 800 லூமென் வேண்டும். அட்டையில் போட்டிருப்பது வெள்ளை ஒளியின் கணக்கு. சிவப்பு, நீலம் என்று மாற்றும்போது வெளிச்சம் நன்றாகவே குறையும், அதை நம்பிப் படிக்கவோ சமைக்கவோ முடியாது. இரவில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் நீலம் கலந்த வெள்ளையை முகத்துக்கு நேரே எரியவிட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று சொல்பவர்கள், மாலைக்குப் பிறகு மஞ்சள் சாயலான 2700 கெல்வினுக்கோ அதற்குக் கீழேயோ தானாக இறங்கும்படி நேரம் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்டோர் ரூமிலும் ஸ்மார்ட் பல்ப் போடுகிறோம். கணக்குப் பாருங்கள். அணைந்திருக்கும்போது ஒரு பல்ப் அரை வாட் இழுக்கிறது என்று வைத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய 4.4 யூனிட். அதே அறையில் 9 வாட் பல்ப் தினமும் பத்து நிமிடம் எரிந்தால் வருடத்துக்கு 0.55 யூனிட்தான். எரிவதைப் போல எட்டு மடங்கு மின்சாரம் காத்திருப்பதிலேயே போகிறது. எப்போதாவது நுழைகிற அறைகளுக்குச் சாதாரண பல்பே சரி.

கணக்கும் இணையமும்

பல்பு எல்லாம் ஒருவர் போனில், ஒருவர் கணக்கில் இருக்கும். அவர் ஊருக்குப் போனால் வீட்டில் இருப்பவர்கள் பாஸ்வேர்ட் கேட்டு அழைப்பார்கள். பாஸ்வேர்டைப் பகிராதீர்கள். குடும்பத்தினரை அழைத்துச் சேர்க்கும் வசதி முக்கிய ஆப்களில் உண்டு. அந்தக் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பும் போட்டுவையுங்கள். பல்பை யாருக்காவது கொடுக்கும்போதும், தூக்கிப் போடும்போதும் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் அந்தக் குட்டி சர்க்யூட்டுக்குள் பதிந்திருக்கிறது.

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோயின. அவர்களுடைய விளக்குகளையும் சுவிட்சுகளையும் வைத்திருந்தவர்களுக்கு ஆப் வேலை செய்யாமல் போனது. பின்னர் வாடிக்கையாளர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து அதை வாங்கி மீட்டெடுத்தார்கள். அதனால் வாங்கும் முன்பே, இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் இயங்குமா என்று கேளுங்கள். அதே 2022 அக்டோபரில் வந்த, பல நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்களுக்கும் பொதுவான மேட்டர் என்ற தரம், கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போய்ச் சேரும்படி அமைக்கப்பட்டது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாமே அதை ஏற்கின்றன. மேட்டர் பல்பை இணைக்க வேண்டிய குறியீடு பெரும்பாலும் பல்பின் கழுத்திலேயே அச்சாகியிருக்கும். மாட்டுவதற்கு முன் அதைப் போனில் படம் எடுத்து, எந்த அறை பல்ப் என்று பெயர் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிறகு சூடான பல்பைக் கழற்ற ஏணி தேட வேண்டியிருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, ஒரு மாலை ரூட்டருக்கு வரும் இணைய ஒயரை மட்டும் பத்து நிமிடம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அறையிலும் விளக்குப் போட்டுப் பாருங்கள். போனைக் கையில் எடுக்காமல், ஸ்பீக்கரைக் கூப்பிடாமல், பட்டனிலும் சுவிட்சிலும் மட்டும். எந்த அறை எரியவில்லையோ, முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த அறை.