ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு வானிலைத் திரை: புதிய வடிவமைப்பாளர்களுக்குப் படிப்படியான செய்முறை

உங்கள் கைப்பேசியில் இருக்கும் வானிலைச் செயலியைத் திறந்து 'ராமேசுவரம்' என்று தேடிப்பாருங்கள். 31 டிகிரி, ஓரளவு மேகமூட்டம், மழைக்கு 20 சதவீத வாய்ப்பு, பக்கத்தில் ஒரு சூரியன் என்று ஏதோ ஒன்று வரும். விடியுமுன் படகை இறக்கலாமா என்று யோசிப்பவருக்கு இதில் எதுவும் உதவாது. காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வரும், அலை எவ்வளவு எழும், எத்தனை மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பவைதான் அவருடைய கேள்விகள். தகவல் இல்லாமல் இல்லை. அது வேறு யாருடைய கேள்விக்கோ பதிலாக அடுக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடைவெளியை அடைப்பதுதான் பயனர் அனுபவ வடிவமைப்பாளரின் வேலை. இந்தத் துறையில் இப்போதுதான் காலடி வைப்பவர்களுக்காக, ராமநாதபுரம் கடற்கரை மீனவர் ஒருவருக்கான வானிலைத் திரையை முதல் படியிலிருந்து வடிவமைத்துக் காட்டுகிறேன். தாள், பென்சில், ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசி, கணினியில் திரைகளை வரைய உதவும் ஃபிக்மா என்ற மென்பொருள் இருந்தால் போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

படி 1: ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கரையில் வானிலையைப் பார்ப்பவர்கள் பலர். விசைப்படகு உரிமையாளர், நாட்டுப்படகில் செல்பவர், தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்கள், மிதவை கட்டிக் கடற்பாசி வளர்ப்பவர்கள், கருவாடு உலர்த்துபவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், தனுஷ்கோடிக்கு வரும் பயணிகள். எல்லாருக்கும் ஒரே திரை என்று தொடங்கினால் மறுபடி 31 டிகிரியும் சூரியனும்தான் வந்து நிற்கும். கருவாடு போடுபவருக்கு நண்பகல் மழை முக்கியம். பாசி எடுக்கும் பெண்ணுக்கு நீர் கலங்கியிருக்கிறதா, நீரோட்டம் எப்படி என்பது முக்கியம். இந்தப் பாடத்துக்கு நாம் பாம்பன் தெற்குவாடியிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு மதியத்துக்குள் திரும்பும் நாட்டுப்படகு மீனவரை எடுத்துக்கொள்வோம்.

இனி அவரிடம் போய்ப் பேச வேண்டும். படகு கரை சேர்ந்து மீன் பிரிக்கும் நேரத்தில் போகாதீர்கள். அப்போது யாருக்கும் பேச நேரம் இருக்காது. மாலையில் வலை பின்னிக்கொண்டோ பழுது பார்த்துக்கொண்டோ உட்கார்ந்திருக்கும்போது போய் உட்காருங்கள். 'செயலியில் என்னென்ன வேண்டும் அண்ணா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எதையாவது சொல்வார், அதை வைத்து நீங்கள் எதையும் வடிவமைக்க முடியாது. 'கடைசியாக எந்த நாளில் கடலுக்குப் போகாமல் நின்றுவிட்டீர்கள்? போக வேண்டாம் என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது, யாருக்கு அழைத்தார், எந்தக் குரல் பதிவைக் கேட்டார், வானத்தில் எதைப் பார்த்தார், கடலுக்குச் செல்ல மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கன் கிடைக்காது என்பது எப்போது காதுக்கு வந்தது என்று வரிசையாக வரும். அந்த வரிசைதான் உங்கள் வடிவமைப்புக்கு மூலப்பொருள்.

பேசி முடித்ததும் அவருடைய கேள்வியை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 'நாளை அதிகாலை 3 மணிக்குத் தென்கடலில் இறங்கினால், பகல் 12 மணிக்குள் பத்திரமாகத் திரும்ப முடியுமா?' திரையில் வைக்கும் ஒவ்வொரு எழுத்தும் இந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

படி 2: எந்தக் கடல் என்று முதலில் கேளுங்கள்

வெளியூர் வடிவமைப்பாளர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பாம்பனிலும் மண்டபத்திலும் உள்ளவர்கள் வடகடல், தென்கடல் என்றே பிரித்துப் பேசுவார்கள். ஊரின் வடகரைக்கும் தென்கரைக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் இரண்டு கடலின் குணமும் வேறு. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. தெற்கே ராமேசுவரம் தீவும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் அதற்குத் தடுப்பாக நிற்கின்றன. மன்னார் வளைகுடா தெற்கு நோக்கித் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது வடகடல் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகிவிடும்.

தென்கடலுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் அலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். அப்போது கரையில் இலை அசையாது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். காற்றை மட்டும் காட்டும் திரை அந்த நாளில் பொய் சொன்னதாகிவிடும்.

ஆகவே 'ராமேசுவரம்' என்ற ஒற்றை இடப்பெயர் நமக்கு உதவாது. செயலியை முதன்முறை திறக்கும்போது இரண்டு பெரிய பொத்தான்கள் போதும்: வடகடல், தென்கடல். வடகடலைத் தொட்டால் தொண்டி, மோர்ப்பண்ணை, தேவிபட்டினம், மண்டபம் வடக்கு, ராமேசுவரம் என்று ஊர்கள் வரட்டும். தென்கடலைத் தொட்டால் தெற்குவாடி, மண்டபம் தெற்கு, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். இருப்பிடத்தைக் கைப்பேசியே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பாம்பனில் நிற்பவர் எந்தப் பக்கம் இறங்கப் போகிறார் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

மழையும் இப்படித்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அதே நாளில் மாவட்டத்தின் உட்பகுதிகளில் அதில் ஒரு சிறு பங்குதான் பெய்தது. மாவட்டத்துக்கு ஒரு சின்னம் என்பது அன்று யாருக்கும் பொருந்தவில்லை.

படி 3: தரவு எங்கிருந்து வருகிறது

எச்சரிக்கைகளை இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடுகிறது. அலை, நீரோட்டம், பேரலை எச்சரிக்கை ஆகியவை ஐதராபாத்தில் உள்ள, கடல் தகவல்களைத் தரும் அரசு நிறுவனமான இன்காய்ஸிடமிருந்து வருகின்றன. பயிற்சிக்கு ஓப்பன்-மீட்டியோ என்ற தளத்தில் காற்று, அலை எண்களை இலவசமாக எடுக்கலாம். ஆனால் அது கணினி மாதிரிகள் தரும் மதிப்பீடு. கரையோரத்தில் துல்லியம் குறையும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. அரசு எச்சரிக்கையும் மாதிரி தரும் எண்களும் திரையில் ஒன்றாகக் கலக்கக் கூடாது. எச்சரிக்கையை வெளியிட்டவர் பெயரோடும் நேரத்தோடும், சொன்னது சொன்னபடியே காட்டுங்கள். கீழே தனியாக எண்களை வையுங்கள். எந்த நிலையிலும் பச்சை நிறத்தில் 'போகலாம்' என்று எழுதாதீர்கள். எச்சரிக்கை இல்லை என்பதும் கடல் பாதுகாப்பாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. 'இப்போது எச்சரிக்கை எதுவும் இல்லை' என்று எழுதுங்கள், எத்தனை மணி நிலவரம் என்றும் சேருங்கள். முடிவு படகில் ஏறுபவருடையது.

படி 4: எண்களை அவர் பேசும் சொற்களுக்கு மாற்றுங்கள்

காற்றின் வேகம் சில தரவுகளில் 'நாட்' (knot) என்ற கடல்வழி அளவில் வரும், சிலவற்றில் வினாடிக்கு மீட்டரில் வரும். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், வினாடிக்கு 10 மீட்டர் என்பது மணிக்கு 36 கிலோமீட்டர். வானொலியிலும் செய்தித்தாளிலும் எச்சரிக்கைகள் கிலோமீட்டரில்தான் வருகின்றன. திரையிலும் அதுவே இருக்கட்டும்.

திசைக்கு வெறும் அம்புக்குறி வைப்பது ஆபத்து. காற்று அங்கிருந்து வருகிறதா, அந்தப் பக்கம் போகிறதா என்று பார்ப்பவர்கள் இரண்டு விதமாகவும் படிப்பார்கள். 'தெற்கிலிருந்து' என்று எழுதுங்கள். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான் என்று கடற்கரையில் புழங்கும் பெயர்களைப் பக்கத்தில் சேர்த்தால் ஒரே பார்வையில் புரியும். ஊருக்கு ஊர் பெயரும் திசையும் சற்று மாறுவதால், உங்கள் ஊரில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அலை உயரத்தில் இன்னும் கவனம் தேவை. முன்னறிவிப்பில் 1.5 மீட்டர் என்று இருந்தால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையிடையே அதன் இரு மடங்கு வரை ஓர் அலை எழக்கூடும். படகைக் கவிழ்ப்பது அந்த ஓர் அலைதான். எனவே 'அலை 1.5 மீட்டர், இடையிடையே 3 மீட்டர் வரை எழலாம்' என்று இரண்டையும் சொல்லுங்கள்.

படி 5: தாளில் வரையுங்கள்

ஃபிக்மாவை இன்னும் திறக்க வேண்டாம். கைப்பேசி அளவில் தாளை வெட்டி, மேலிருந்து கீழாக எழுதுங்கள். எச்சரிக்கை நாளின் திரை ஏறக்குறைய இப்படி வரும்:

தென்கடல், பாம்பன் தெற்குவாடி
மீனவர்கள் நாளை கடலுக்குச் செல்ல வேண்டாம்
வெளியிட்டது: வானிலை ஆய்வு மையம், இன்று பகல் 1.30
காற்று: அதிகாலை 3 மணிக்கு 30 கி.மீ., காலை 6 மணிக்கு 40, காலை 9 மணிக்கு 50
மேற்கிலிருந்து, கச்சான்
அலை: 1.8 மீட்டர், இடையிடையே 3.5 மீட்டர் வரை
கடைசியாகப் புதுப்பித்தது: இன்று மாலை 6.10

வெப்பநிலை எங்கே என்று கேட்பீர்கள். தேவையில்லை. அந்த இடத்தைக் காலை 9 மணிக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறோம். அவர் இறங்கும்போது 30 ஆக இருக்கும் காற்று, வலையை இழுக்கும் நேரத்தில் 50 ஆகிவிடும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. நாள் முழுவதற்கும் ஒரே சராசரி எண்ணைப் போட்டிருந்தால் அது மறைந்திருக்கும்.

படி 6: நிறமும் எழுத்தும்

வானிலை ஆய்வு மையத்தின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நான்கு நிற வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். புதிதாக உங்கள் நிறங்களைக் கொண்டுவர வேண்டாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. உச்சி வெயிலில் கடற்கரை மணலில் நின்று பார்த்தால் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நிறத்தோடு சொல்லும் வேண்டும், வடிவமும் வேண்டும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இங்கே எல்லாருக்கும் பழக்கமானது. அந்த எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டி, பொருளையும் ஒரு வரியில் எழுதுங்கள். 1, 2 தொலைவில் உள்ள புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கான எச்சரிக்கை. 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த கரை இது. இங்கே இந்த எண்ணை அலங்காரமாக யாரும் பார்ப்பதில்லை.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். மேலும் கீழும் குறிகள் வெட்டுப்படாமல் இருக்க வரிக்கு வரி தாராளமாக இடைவெளி விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பொத்தானின் அகலத்தைச் சொல்லுக்கு ஏற்ப வையுங்கள்; சொல்லை வெட்டிப் புள்ளிகள் போடாதீர்கள். பொத்தான்கள் ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 dp (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்குக் குறையக் கூடாது. ஈரக் கைக்கு அதுகூடச் சிறிதுதான். நான் 64 வைப்பேன்.

படி 7: நேரமும் சிக்னலும்

கரையைவிட்டுச் சற்று விலகினாலே இணைய இணைப்பு போய்விடும். கடைசியாகக் கிடைத்த நிலவரத்தைக் கைப்பேசி சேமித்து வைத்திருக்க வேண்டும். அது பழையது என்பதும் பளிச்சென்று தெரிய வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் எண்கள் மங்கட்டும், மேலே 'இது பழைய நிலவரம்' என்ற பட்டை வரட்டும்.

'இன்று' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டில் மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது. பல தரவுத் தளங்கள் சர்வதேச நேரத்தில் நாளைத் தொடங்குவதால், அவற்றின் நள்ளிரவு நமக்கு அதிகாலை 5.30. மீனவருக்கோ நாள் அதிகாலை 3 மணிக்கே தொடங்கிவிடுகிறது. படி 5 திரையில் இருப்பதுபோல் 'இன்று', 'நாளை' என்று மட்டும் விடாமல் கிழமையையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 8: கரையில் சோதியுங்கள்

இப்போது ஃபிக்மாவில் வரைந்து, கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். ஐந்து பேர் போதும். பெரிய குறைகளில் பெரும்பாலானவை அதற்குள் வெளிப்பட்டுவிடும். குளிரூட்டிய அறையில் சோதிக்காதீர்கள். வெயிலில், கையில் ஈரத்தோடு, பக்கத்தில் இன்ஜின் ஓடும்போது சோதியுங்கள். வாசிக்கத் தயங்குபவர் ஒருவராவது அந்த ஐவரில் இருக்க வேண்டும். அவருக்காகத் திரையைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் பொத்தான் ஒன்றை வையுங்கள். பாம்பனின் கடல் ஓசை சமுதாய வானொலியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, காதால் வரும் வானிலை புதிதல்ல.

திரையைக் கையில் கொடுத்து, 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்காமல், 'இதைப் பார்த்துவிட்டு நாளை என்ன செய்வீர்கள்? ஏன்?' என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அவர் விரல் எந்த வரியில் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். ஒரு வரியை இருவர் தவறாகப் புரிந்துகொண்டால் விளக்கம் சேர்க்காதீர்கள், வரியையே மாற்றுங்கள்.

படி 9: பகிரும் செய்தியையும் வடிவமையுங்கள்

உங்கள் செயலியை நிறுவுபவர்களைவிட, அதிலிருந்து வாட்ஸ்அப்பில் போன செய்தியைப் படிப்பவர்களே அதிகம் இருப்பார்கள். போன ஆண்டின் புயல் எச்சரிக்கை இந்த ஆண்டு குழுக்களில் சுற்றுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எனவே பகிரும் பொத்தானைத் தொட்டதும் போகும் எழுத்தில் கடலின் பெயர், வெளியிட்டவர், ஆண்டோடு கூடிய தேதி, எத்தனை மணி வரை செல்லும் என்ற நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். படமாக அனுப்பினால் தேதியைப் படத்தின் நடுவிலேயே வையுங்கள். ஓரத்தில் இருந்தால் வெட்டுப்பட்டுவிடும். இணையதளமாகவும் செய்தால், படங்களைக் குறைத்து, மெதுவான இணைப்பிலும் முதல் இரண்டு வரிகள் உடனே வரும்படி அமையுங்கள்.

தென்கடல் திரை சரியாக அமைந்துவிட்டால், அக்டோபரில் வாடை தொடங்குமுன் இதே படிகளை வடகடலுக்காகத் தேவிபட்டினத்தில் மறுபடி செய்யுங்கள். முதல் படியிலிருந்தே தொடங்குங்கள். தெற்குவாடியில் கேட்ட பதில்களை அங்கே கொண்டுபோக வேண்டாம்.