பிரெக்சிட் வாதத்தில் வரும் எண்களைச் சோதிப்பது எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் வாக்களித்தது. அந்த விலகலுக்குத்தான் பிரெக்சிட் என்று பெயர். அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. தொலைக்காட்சி விவாதமானாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவானாலும் திரும்பத் திரும்ப வருபவை ஏழெட்டு எண்கள்தான். அவற்றில் முழுப் பொய் குறைவு. எதைக் கழிக்காமல் விட்டார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் கோளாறு. அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

தொடங்கும் முன் அலகை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. தமிழில் எடுத்தெழுதும்போது ஒரு சுழி கூடுவதும் குறைவதும் இந்த இடத்தில்தான்.

எதால் வகுத்தார்கள்?

விலகலுக்கு விழுந்த வாக்குகள் 1,74,10,742. நீடிப்புக்கு 1,61,41,241. விலகல் வாக்கை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 51.9%. பட்டியலில் இருந்த சுமார் 4.65 கோடி வாக்காளர்களால் வகுத்தால் 37.4%. இரண்டுமே சரியான கணக்கு. ஒருவர் 37.4-ஐ மட்டும் காட்டி "பெரும்பான்மையே இல்லை" என்றால், நீடிப்பு வாக்கையும் அதே எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 34.7% வரும்.

அடுத்து, குறைந்தபட்ச வரம்பு ஏதாவது முன்கூட்டியே சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததா என்று பாருங்கள். 1979-இல் ஸ்காட்லாந்தில் சட்டமன்றம் அமைக்கும் வாக்கெடுப்பில் 51.6% பேர் ஆம் என்றார்கள். ஆனால் பட்டியலில் உள்ளோரில் 40% ஆதரவு வேண்டும் என்ற விதி இருந்தது, கிடைத்தது 32.9%. திட்டம் விழுந்தது. 2006-இல் செர்பியாவோடு இருந்த கூட்டைவிட்டு மாண்டினீக்ரோ பிரிந்தபோது வரம்பு 55%, கிடைத்தது 55.5%. பிரெக்சிட்டுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. 60% ஆதரவும் 75% வாக்குப்பதிவும் வேண்டும் என்று கேட்ட இணைய மனுவில் 41 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பெரும்பாலானவை முடிவு வந்தபின் விழுந்தவை. ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றச் சொல்லும் வாதம் சட்டப்படி நிற்காது.

யாருக்கு வாக்கு இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் முறையாக வசித்த காமன்வெல்த் குடிமக்களுக்கு வாக்கு உண்டு. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நீங்கலாக மற்ற ஒன்றிய நாட்டுக் குடிமக்களுக்கு இல்லை. ஆகவே லண்டனில் ஒரே தெருவில் குடியிருந்த இரண்டு ஈழத்தமிழர்களில் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் வாக்களிக்கலாம். நெதர்லாந்திலிருந்து வந்த, அந்நாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் முடியாது. 2014 ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் ஒன்றியக் குடிமக்களும் 16, 17 வயதினரும் வாக்களித்தார்கள். இரண்டு வாக்கெடுப்புகளின் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

பேருந்தில் எழுதிய 35 கோடி

"ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்ட் அனுப்புகிறோம்" என்று விலகல் தரப்பின் சிவப்புப் பேருந்தில் எழுதியிருந்தது. இதை மூன்று படியாகப் பிரியுங்கள். 2015-க்கான கணக்கை எடுத்துக்கொள்வோம்.

உறுப்பு நாடு என்ற முறையில் பிரிட்டன் ஒன்றியத்துக்குக் கட்ட வேண்டிய முழுச் சந்தா சுமார் 1,780 கோடி பவுண்ட். 52 வாரத்தால் வகுத்தால் வாரம் 34 கோடி. பேருந்தின் எண் இந்தப் படியைச் சேர்ந்தது.

அதில் 490 கோடி தள்ளுபடி. 1984-இல் மார்கரெட் தாட்சர் பேசி வாங்கிய சலுகை அது. இந்தப் பணம் போய்த் திரும்பி வருவதல்ல, கட்டும்போதே கழிந்துவிடும். மிச்சம் 1,290 கோடி, அதாவது வாரம் 25 கோடி. "அனுப்புகிறோம்" என்ற சொல்லுக்குப் பொருத்தமான எண் இதுதான். பேருந்தின் எண் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று பிரிட்டனின் புள்ளியியல் ஆணையமே கண்டித்தது.

மூன்றாவது படி: வேளாண் மானியம், பின்தங்கிய வட்டாரங்களுக்கான உதவி என்று சுமார் 440 கோடி திரும்பி வந்தது. அதையும் கழித்தால் 850 கோடி. வாரம் 16 கோடி. விலகியபின் அந்த மானியங்களை அரசே தொடர்ந்து கொடுத்தால், சந்தாவில் மிச்சமாவது இவ்வளவுதான்.

எதிர்த்தரப்பும் இங்கே வழுக்குகிறது. 35 கோடி தவறு என்பதால் செலவே இல்லை என்றாகிவிடாது. வாரம் 16 கோடி உண்மையான பணம்.

குடும்பத்துக்கு 4,300 பவுண்ட்

விலகினால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்ட் இழப்பு என்பது, நீடிக்கச் சொன்ன அரசுத் தரப்பின் எண். 2016 ஏப்ரலில் பிரிட்டன் நிதியமைச்சகம் வெளியிட்டது. ஒன்றியத்தோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு விலகினால், 2030-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தி, நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 6.2% குறைவாக இருக்கும் என்பது மதிப்பீடு. அந்தக் குறைவைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். எனவே 4,300 என்பது குடும்பத்தின் கைக்கு வரும் வருமானம் அல்ல. இன்றைய நிலையிலிருந்து இறங்கும் தொகையும் அல்ல. எந்தப் பொருளாதார ஆரூடத்தைக் கண்டாலும் "எந்த ஆண்டில், எதைவிடக் குறைவு?" என்று முதலில் கேளுங்கள்.

அதே அமைச்சகம் மே மாதம் குறுகியகால மதிப்பீடு ஒன்றையும் தந்தது: உடனடிப் பொருளாதாரச் சரிவு, இரண்டாண்டில் வேலையின்மை சுமார் 5 லட்சம் கூடும். அது நடக்கவில்லை. இடையில் நிலைமையும் மாறியிருந்தது: பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி ஆகஸ்டில் வட்டியை 0.5 சதவீதத்திலிருந்து 0.25 ஆகக் குறைத்தது. விலகுகிறோம் என்று ஒன்றியத்துக்குத் தரும் முறையான அறிவிப்பும் 2017 மார்ச் 29 வரை தள்ளிப்போனது. குறுகியகால ஆரூடம் பொய்த்ததை வைத்து நீண்டகால ஆரூடத்தைத் தள்ளுவது, இந்த வாதத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டும் வேறு வேறு கணக்குகள். தனித்தனியே சோதிக்க வேண்டும்.

"துருக்கி ஒன்றியத்தில் சேருகிறது" என்ற விலகல் தரப்பின் சுவரொட்டிக்கு இத்தனை கணக்கு தேவையில்லை. பேச்சுவார்த்தை 2005-இல் தொடங்கியது. துறைவாரியாகப் பேசி முடிக்க வேண்டிய 35 அத்தியாயங்களில் 2016 வரை முடிந்தது ஒன்றே ஒன்று. ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும், பிரிட்டன் உட்பட, தடுக்கும் அதிகாரம் இருந்தது.

சீட்டு கேட்டதும் கேட்காததும்

வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? நார்வே ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒரே வணிக விதிகளைப் பின்பற்றும் அதன் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கியும் ஒன்றியத்தில் இல்லை. ஆனால் அதோடு ஒரே இறக்குமதி வரி விதிக்கும் சுங்கக் கூட்டில் இருக்கிறது. இரண்டுமே "வெளியே"தான். எனவே "மக்கள் இதற்குத்தான் வாக்களித்தார்கள்" என்று யாராவது ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்தைக் காட்டினால், அந்தச் சொல் சீட்டில் இருந்ததா என்று பாருங்கள். நாடாளுமன்றத்துக்கே விடை தெரியவில்லை: 2019 மார்ச் 27 அன்று எட்டு வழிகளுக்கு வாக்கெடுப்பு நடத்தி எட்டையும் தோற்கடித்தது. ஏப்ரல் 1 அன்று சுங்கக் கூட்டு யோசனை மூன்றே வாக்கில் தோற்றது.

"வெறும் ஆலோசனை வாக்கெடுப்புதானே" என்ற வாதம் பாதி உண்மை. தேர்தல் முறையை மாற்றலாமா என்று 2011-இல் நடந்த வாக்கெடுப்பின் சட்டம், ஆம் என்று முடிவு வந்தால் செய்தே ஆக வேண்டும் என்றது. பிரெக்சிட் வாக்கெடுப்புக்காக இயற்றிய 2015 சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் விலகல் அறிவிப்பு தர முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2017 ஜனவரி 24 அன்று 8-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. ஆனால் வீடுவீடாக அனுப்பிய துண்டறிக்கையில், நீங்கள் முடிவு செய்வதை நிறைவேற்றுவோம் என்று அரசே எழுதிக்கொடுத்திருந்தது. சட்டக் கடமை வேறு, கொடுத்த வாக்கு வேறு. எதிரில் இருப்பவர் எதைப் பேசுகிறார் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

எந்த வயதினர் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று காட்டும் வயதுவாரி எண்கள் எல்லாமே கருத்துக்கணிப்பிலிருந்து வந்தவை. சீட்டில் வயது இல்லை, எண்ணிய இடத்திலும் இல்லை. இன்று வரும் "மக்கள் வருந்துகிறார்கள்" கணிப்புகளிலும் கேள்வியின் வாசகத்தைத் தேடிப் படியுங்கள். அன்று எடுத்த முடிவு தவறா என்பது ஒரு கேள்வி. மீண்டும் சேர வேண்டுமா என்பது வேறு. யூரோ நாணயத்தை ஏற்று, பழைய தள்ளுபடி இல்லாமல் சேரலாமா என்று கேட்டால் அது மூன்றாவது கேள்வி. இந்த மூன்றுக்கும் கிடைத்த சதவீதங்களை ஒன்றாகக் கலந்து எழுதிய செய்தியைப் பகிராதீர்கள்.