வார்டு தேர்தலில் நிற்க நினைக்கும் திருநங்கை மகளுக்கு

மகளே, வாக்காளர் பட்டியலில் பழைய பெயரோ பாலினமோ இருந்தால் படிவம் 8 கொடுத்து இப்போதே திருத்திக்கொள். கவுன்சிலருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். வேட்புமனுவில் உன்னை முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்கட்டும். மனுவோடு கொடுக்கும் சொத்து, வழக்கு விவரம் எதையும் மறைக்காதே.

அதற்கெல்லாம் முன்னால் தெருவில் இறங்கு. குடிநீர், சாக்கடை, முதியோர் பென்ஷன் மனு என்று தங்களுக்காக அலைந்தவளைத்தான் சனம் நம்பும். 2022-இல் வேலூர் மாநகராட்சியின் 37-ஆவது வார்டில் தி.மு.க.வின் திருநங்கை வேட்பாளர் கங்கா நாயக் ஜெயித்தது 15 ஓட்டு வித்தியாசத்தில்! ஒரு வீட்டையும் விடாதே. "உங்களுக்கு எதுக்கும்மா அரசியல்?" என்று கேட்கிற வீட்டுக்கு மறுநாளும் போ, என்னை அப்படிக் கேட்ட ஆயாக்களே பிறகு பக்கத்து வீட்டில் எனக்காகப் பேசினார்கள். ஓட்டு எண்ணும் அறையில் உன் ஏஜென்ட் கடைசி சுற்றுவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.