குளம்பு அழற்சி வந்த குதிரையில் எப்போது ஏறலாம்? நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் ஒன்றிரண்டு குதிரை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, குதிரை நொண்டினால் முதலில் நினைவுக்கு வருவது அடுத்த முகூர்த்தத் தேதிதான். என் பெண்குதிரைக்குக் குளம்பு அழற்சி வந்தபோது நானும் அப்படித்தான் நாள் எண்ணினேன். மருத்துவர்கள் லேமினைட்டிஸ் என்று சொல்லும் இந்த நோயில் அப்படி அவசரப்பட்டதற்கு என் குதிரைதான் வலியை அனுபவித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. அது அடியில் ஊன்றி நிற்பதில்லை. 550 முதல் 600 வரையான மெல்லிய மடிப்புகள் அதைக் குளம்புச் சுவரோடு பிணைத்துப் பிடித்திருக்கின்றன. குதிரையின் எடை முழுக்க அந்தப் பிடிப்பில்தான் தொங்குகிறது. அழற்சியில் பிடிப்பு தளர்ந்தால், பின்பக்கத் தசைநாண் இழுக்க, எலும்பின் நுனி பாதத்தின் அடியை நோக்கிச் சாயும். சில குதிரைகளுக்கு எலும்பு அப்படியே கீழே இறங்கிவிடும்.

இது தெரியாததால் வரும் முதல் தவறு, நொண்டும் குதிரையைப் பிடித்து நடக்க விடுவது. வயிற்றுவலி வந்தால் நடத்துகிறோமே, அந்தப் பழக்கம். இங்கே ஒவ்வோர் அடியும் தளர்ந்த மடிப்புகளைக் கிழிக்கிறது. முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் போட்டு நிற்கிறதா, திரும்பத் தயங்குகிறதா, குளம்பு சுடுகிறதா என்று பாருங்கள். கணுவின் பின்பக்கம் இரு ஓரங்களிலும் விரல் வைத்தால் நாடி திம் திம்மென்று அடித்தால் அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் சிமெண்டுத் தரையும் அப்போது ஆகாது. மர இழைப்புப் பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருளையோ மணலையோ ஒரு சாணுக்கு மேல் பரப்பி, அதில் நிற்கவும் படுக்கவும் விடுங்கள். படுத்தால் எழுப்பாதீர்கள், கால் ஓய்கிறது என்று அர்த்தம்.

ஐஸ் வைப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. நோய் தொடங்கும் முதல் இரண்டு மூன்று நாளில் இடைவிடாமல் வைத்தால்தான் அது பெரிதும் உதவும். தீவனப் பெட்டியை உடைத்துத் தானியத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், நொண்டும்வரை காத்திராமல் ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கிவந்து, ஐஸ் தண்ணீரில் குளம்பும் கணுவும் முழுக்க மூழ்கும்படி நிறுத்துங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சுவதால் ஒன்றும் ஆகாது.

அடுத்து தீவனம். மீட்சியை அதிகம் கெடுப்பது இதுதான் என்பது என் அனுபவம். குதிரை இளைத்துவிட்டதே என்று அவித்த கொள்ளு, தவிடு, வெல்லம், பேரீச்சம்பழம் என்று கொடுக்கத் தோன்றும். அன்பாகக் கொடுப்பதுதான், ஆனால் மாவுச்சத்தும் சர்க்கரையும் எத்தனையோ குதிரைகளுக்கு நோயைக் கொண்டுவந்ததே. திருவிழாவில் வருகிறவர்கள் ஆளுக்கொரு வாழைப்பழமும் கைப்பிடிப் பொங்கலும் ஊட்டுவார்கள். அதைத் தடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சப்படுவதில்லை. மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையில் தளதளவென்று வரும் இளம்புல்லையும் சாறுள்ள சோளத்தட்டையையும் கூட நிறுத்திவையுங்கள்.

அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. மட்டக்குதிரையைப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். உடல் எடையில் சுமார் 1.5 சதவீதம் காய்ந்த புல் என்பது பொதுக் கணக்கு. 300 கிலோ குதிரைக்கு நாளைக்கு 4.5 கிலோ. அதை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் கரையும் சர்க்கரை கொஞ்சம் குறையும். நம்மூர் வெயிலில் அதற்கு மேல் ஊறினால் புளித்துவிடும். வைக்கோலை மட்டும் போட்டுக் காலம் தள்ளாதீர்கள், அதில் சத்துக் குறைவு. தாது உப்புக் கலவையை மருத்துவரிடம் கேட்டுச் சேருங்கள்.

நோய் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவது இன்னொரு தவறு. தானியம் மட்டுமே காரணமில்லை. கழுத்தில் கொழுப்பு தடித்த குதிரைகளுக்கு இன்சுலின் கோளாறு இருக்கலாம். வயதான குதிரைக்குப் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு இருக்கலாம். குட்டி ஈன்று மூன்று மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாமல் கருப்பையில் தொற்று வந்திருக்கலாம். ஒரு கால் அடிபட்டு, எதிர்க்கால் வாரக்கணக்கில் பாரம் தாங்கியதாலும் வரும். இன்சுலினுக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காரணம் அப்படியே இருந்தால் நோய் மறுபடி வரும்.

எக்ஸ்ரே எடுக்காமல் குளம்பு சீவுவதையும் லாடம் அடிப்பதையும் அனுமதிக்காதீர்கள். எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அடியில் எவ்வளவு கனம் மிச்சம் என்பது வெளியிலிருந்து தெரியாது. எனக்குத் தெரிந்த லாடக்காரர் கை தேர்ந்தவர்தான், ஆனால் அவரும் படத்தைப் பார்த்த பிறகே குளம்பின் முன்நுனியை எவ்வளவு பின்னுக்குத் தள்ளிச் சீவலாம் என்று சொல்ல முடிந்தது. ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உள்ளூரில் வசதியில்லாவிட்டால் எங்கே எடுக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், ஆனால் வலி கடுமையாக இருக்கும்போது வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகலாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவவேண்டும்.

இனி ஏறும் விஷயம். நான் சறுக்கியது இங்கேதான். வலி மருந்து கொடுத்த நான்காம் நாள் குதிரை நன்றாக நடந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்து வெளியே கொண்டுபோனேன். மருந்தின் வேகம் தணிந்ததும் முன்னைவிட மோசமாக நின்றது. மருந்தில் நடக்கும் குதிரையை நம்புவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதுதான். பினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகளை அளவு மீறி நீட்டினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். அதனால் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் கையில் இருக்கட்டும்.

குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். ரோமமும் குளம்பும் சேருமிடத்திலிருந்து புதுச்சுவர் முன்நுனியில் தரையைத் தொட 9 மாதம் முதல் ஓராண்டு ஆகும். எலும்பு சாய்ந்த குதிரைக்கு அதுதான் கணக்கு. புதுச்சுவர் கீழே இறங்கி வரும் கோடு கண்ணுக்கே தெரியும். மாதா மாதம் போனில் படம் எடுத்துவைத்தால் நமக்கும் பொறுமை வரும். எலும்பு நகராத லேசான நோயென்றால் சில மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம். எப்படியானாலும், வலி மருந்தை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் நொண்டாமல் நடந்த பிறகே, மருத்துவர் சரி என்றால் ஏறுங்கள்.

அதற்கு முன் கையில் பிடித்து, மெத்தென்ற மண்ணில், நேர்க்கோட்டில் ஐந்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். செம்புறாங்கல் சரளையில் வேண்டாம், மெலிந்த அடிப்பாதம் கன்றிவிடும். பிறகு எடை குறைந்த ஒருவர் ஏறி, நடை மட்டும். துள்ளுநடை பல வாரம் கழித்து. வட்டமாகச் சுற்றுவதும், தார்ச்சாலையும், வண்டியிழுப்பதும் கடைசி. ஊர்வலத்தில் கொட்டுக்கு ஆடச் சொல்வது அதற்கும் பிறகுதான். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன்பும், மறுநாள் காலையிலும் கணு நாடியைத் தொட்டுப் பாருங்கள். திம்மென்று அடித்தாலோ, திரும்பும்போது தயங்கினாலோ அன்றைக்கு வெளியே எடுக்காமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் பார்த்துச் சரி என்ற பிறகு, போன வாரம் செய்த அளவிலிருந்து மறுபடி தொடங்கலாம்.